நாற்காலிக்குப் பின்னால் ஒருவர்

இப்போது என் சக்கர நாற்காலியைத் தள்ளுவது என் தம்பி. தங்கமான பிள்ளை, குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் நின்று, "அக்கா, கெட்டியா புடிச்சிக்க" என்பான். கடைக்காரர் என்னை விட்டுவிட்டு அவனிடம், "அவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டால் அவனே பதிலும் சொல்லிவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கே நிறுத்த வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே என் நாக்கு தேய்ந்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லத் தேவையில்லாத ஒருவர் இருந்தார். அவருக்குக் கண் தெரியாது. நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். ஞாயிறு காலைகளில் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை டீக்கடை வரைக்கும் போய் வருவோம். அவர் தள்ளுவார், நான் வழி சொல்வேன். பௌர்ணமிக்கு மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. அந்தக் கூட்டத்தில் எனக்கு எல்லோருடைய இடுப்பும்தான் தெரியும், அவருக்கு அதுவும் கிடையாது.

ஆரம்பத்தில் அவர் நெற்றி எப்போதும் வீங்கியே இருந்தது. பள்ளம், ஜல்லி, சாணி எதையும் நான் விட்டதில்லை. ஆனால் உட்கார்ந்தே வளர்ந்தவளுக்குத் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வழக்கமே இல்லை. கடைகளின் தார்ப்பாய்க் கம்பி எனக்கு மேலே தாராளமாகப் போகும், அவருக்கு மடேரென்று விழும்.

"உன் ஒசரத்துக்கு மட்டும்தான் ரோடு போட்டுருக்காங்களா?" என்பார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

அவர் மட்டும் லேசுப்பட்டவரா? டீக்கடையில் என்னைச் சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டு, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். "சார், சுண்ணாம்பு நல்லா அடிச்சிருக்காங்க" என்பேன். கோபம் வந்தால்தான் அவரை சார் என்று கூப்பிடுவேன்.

போகப் போக நான் அண்ணாந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். அவர் என்னை மலைப் பக்கமாகத் திருப்பி நிறுத்தக் கற்றுக்கொண்டார். பிறகு பேச்சே குறைந்துவிட்டது. நான் தோளை லேசாகச் சாய்த்தால் கைப்பிடி வழியாக அவருக்குத் தெரிந்துவிடும். வெளியே கிளம்பினால் நான் தண்ணீர் குடிக்கமாட்டேன். ஏன் என்று அவர் கேட்டதே இல்லை. போகிற இடத்தில் என் நாற்காலி நுழைகிற கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று முன்னாடியே விசாரித்துவிட்டு, "தண்ணி குடி" என்பார். அப்படி என்னிடம் யாரும் சொன்னதில்லை. அன்றைக்கே மனசு போய்விட்டது.

அவரைத் திருச்சிக்கு மாற்றினார்கள். கூட வந்துவிடு, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு பேருக்குமே இப்டின்னா, ஆத்திர அவசரத்துக்கு யாருடி ஓடியாருவா?"

நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. என்னைத் தூக்கிச் சுமந்தே முதுகு போனவள் அம்மா. அவளை மீறிக் கிளம்ப எனக்கும் தைரியம் வரவில்லை. அவர் தனியாகப் போனார்.

போன வாரம் போன் செய்தார். வீட்டு வாசலில் படிக்குப் பக்கத்தில் சிமெண்டில் ரேம்ப் போட்டுவிட்டாராம்.

"கண்ணு தெரியாதவருக்கு இது எதுக்குங்கன்னு எதுத்த வீட்ல கேக்கறாங்க."

"என்ன சொன்னீங்க?"

"வர்றவங்களுக்குன்னு சொன்னேன்."

பேச்சை மாற்ற, "சரியா போட்டிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"எடம் பத்தல. கொஞ்சம் செங்குத்தாதான் இருக்குது. உன்னால தனியா ஏற முடியாது, நான் தள்ளணும்."

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா, "என்னாவாம்?" என்றாள்.

"வாசல்ல ரேம்ப் போட்டிருக்காராம். செங்குத்தா இருக்குதாம். நான் தனியா ஏற முடியாதாம்."

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் அம்மா.

அந்தச் செங்குத்தில் அவர் என்னைத் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். எனக்கு இப்போது அதைத் தவிர வேறு ஆசையே இல்லை.