லைல் ஹோலுப் எழுந்து நின்ற சனிக்கிழமை

என் அக்கா டோரீனின் கல்யாணம் ஜூன் மாதத்தில் நடந்தது. அவளுக்கு அக்டோபரில், மரங்களெல்லாம் நிறம் மாறியிருக்கும்போது கட்டிக்கொள்ளத்தான் ஆசை. மாப்பிள்ளை லைல் ஹோலுப் ஒத்துக்கொள்ளவில்லை. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பிராட்டன் கல்லூரியின் கால்பந்து. அது முடிந்தால் பனி உருகும்வரை கூடைப்பந்து. பிறகு பேஸ்பால். கல்லூரி மூடிக் கிடக்கும் ஜூன்தான் அவருக்குத் தோதான மாதம். அக்கா இதைப் பெருமையாகவே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். அப்போது அவள் சின்னப் பெண்.

லைல் அந்தக் கல்லூரியில் படித்தவர் இல்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு ரயில் பாதையோரத் தானியக் கிடங்கில் சேர்ந்துவிட்டார். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கம் விளைகிற சோளமெல்லாம் அந்தக் கிடங்கு வழியாகத்தான் வெளியே போகும். வாரம் முழுக்கத் தூசியில் நின்று லாரிகளை எடை போட்டு அனுப்புவார். சனிக்கிழமை காலையில் தேய்த்துக் குளித்து, பச்சை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்புவார். பிராட்டன் அணிக்குப் பெயர் நாரைகள், நிறம் பச்சை. கிழக்கு கேலரியில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. பக்கத்து இருக்கை என்னுடையது.

கால்பந்துக்கு ஊரே வரும். லைல் எல்லாவற்றுக்கும் வருவார். பெண்கள் வாலிபால் ஆட்டத்துக்கு ஆட்டக்காரிகளின் அம்மாக்களும் லைலும் மட்டும் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆலங்கட்டி மழையில் பேஸ்பால் பார்த்துக் காய்ச்சலில் படுத்திருக்கிறார்.

ஒருமுறை கேட்டேன். "படிச்சவனுங்களே வீட்ல உக்காந்து ரேடியோ கேக்கறானுங்க. உனக்கு என்ன லைல் அப்படி?"

"ஊர்ல எங்க போனாலும் நான் கிடங்குக்காரன்" என்றார். "பேங்க்ல போய் நின்னா மேனேஜர் என் பூட்ஸத்தான் பாப்பான். அதே மேனேஜர், நாம ஒரு பாயிண்ட் எடுத்தா என்னைக் கட்டிப் புடிச்சுக்கறான். வேற எங்க எனக்கு இது நடக்கும், சொல்லு."

அந்த மேனேஜர் திங்கட்கிழமை தெருவில் பார்த்தால் லைலைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

அவர்களுக்கு ஒரே பையன், கோரி. நடக்கப் பழகும் முன்பே அவனை அந்த வரிசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தார் லைல். பையன் ஓட்டத்தில் கெட்டிக்காரனாக வளர்ந்தான். எங்கள் கால்பந்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரணிக்காரர்கள் மோதித் தரையில் சாய்ப்பதற்குள் எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு லாபம்; எதிர்முனை எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் பாயிண்ட். பள்ளி அணியில் கோரியைச் சாய்ப்பது சுலபமாக இல்லை. எலும்பும் தோலுமாக இருந்தான், ஆனால் பிடிக்கப் போனவன் கையில் காற்றுதான் மிஞ்சும்.

பிராட்டனின் பயிற்சியாளர் ஹென்ஸ்லி வீடு தேடி வந்தார். வயிறும் குரலும் பெரிதான மனிதர். அதற்கு முந்தைய கோடையில் லைல் கூலி வாங்காமல் அவர் வீட்டு வராந்தாவுக்கு வர்ணம் அடித்துக் கொடுத்திருந்தார். டோரீன் சுட்டு வைத்த செர்ரிப் பழப் பலகாரத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, ஹென்ஸ்லி கோரியின் தோளில் கை போட்டார்.

"தம்பி, பச்ச சட்ட ஒண்ணு உன் பேர்ல எடுத்து வச்சாச்சு. படிப்புச் செலவெல்லாம் காலேஜ் பாத்துக்கும். வேற எவன் கூப்பிட்டாலும் போயிடாதே."

வேறு கல்லூரிகள் கூப்பிட்டன. கோரி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அன்று முதல் லைல் தெருவில் நடந்த நடையே வேறாக இருந்தது. கிடங்கில் லாரிக்காரர்கள் அவரை 'நாரையோட அப்பா' என்று கூப்பிட்டார்கள். அதற்கே லைல் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் போன் வந்தது. நான் அடுப்பங்கரை மேஜையில் உட்கார்ந்திருந்தேன். கோரி ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தான். லைல்தான் போனை எடுத்தார்.

"சொல்லுங்க கோச்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓ." மறுபடி கேட்டார். "சரி கோச். புரியுது. இல்ல இல்ல, தப்பா எடுத்துக்கல. புரியுது கோச்."

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். டெக்சாஸிலிருந்து வயதிலும் உடம்பிலும் பெரிய பையன் ஒருவன் கிடைத்துவிட்டானாம். கோரிக்கு இடம் இல்லையாம்.

கோரி ஃபிரிட்ஜை மூடினான். "நீங்க என்ன சொன்னீங்கப்பா?"

"கேட்டேல்ல. புரியுதுன்னு சொன்னேன்."

"எனக்குப் புரியலையேப்பா. 'என் பையனுக்கு இனிமே யார் சீட்டு தருவா'ன்னு அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"அவர் டீமையும் பாக்கணும்ல. அந்தப் பையன் உன்னவிட கனம். நீயே யோசிச்சுப் பாரு, பிராட்டனுக்கு எது நல்லது?"

டோரீன் ஈரக் கையோடு வாசற்படியில் நின்றிருந்தாள். "லைல், உன் புள்ள எதிர்ல நிக்கறான். அவனப் பாத்துப் பேசு" என்றாள். லைல் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று கூடைப்பந்து ஆட்டம் இருந்தது.

அந்த நேரத்தில் மிச்சமிருந்த ஒரே கல்லூரி கெய்ன்ஸ்வுட். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆரஞ்சு நிறம், ஓநாய்கள். பிராட்டன்காரனுக்கு கெய்ன்ஸ்வுட் என்றால் எச்சில் துப்பத் தோன்றும். அவர்களுக்கும் எங்கள் மேல் அப்படியே. அங்கே சேரக் கிளம்பும்போது கோரி அப்பாவிடம் கை நீட்டினான். லைல் கை கொடுத்தார். "ஆரஞ்சு ஸ்டிக்கர் எதுவும் என் வண்டில ஒட்டிறாதே" என்றார். வேடிக்கைக்குச் சொன்னதாக நான் நினைத்தேன். சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை.

இரண்டு வருடம் கோரி ஆடியதை அவர் பார்க்கவே இல்லை. அவன் ஆடிய சனிக்கிழமைகளில் பிராட்டனும் ஆடியது. டோரீன் மட்டும் ஆரஞ்சு மப்ளரைக் கைப்பையில் ஒளித்து எடுத்துப்போய், ஆற்றுப் பாலம் தாண்டிய பிறகு கழுத்தில் சுற்றிக்கொண்டு மகனைப் பார்த்துவிட்டு வருவாள். திரும்பி வந்து, "இன்னைக்கு ரெண்டு தடவ எல்லைக்கோட்டத் தாண்டினான்" என்பாள். "ம்" என்பார் லைல். "எதிர்ல ஆடினது தடுக்கத் தெரியாத டீமு."

கெய்ன்ஸ்வுட்டும் பிராட்டனும் வருடத்துக்கு ஒருமுறை மோதும். முதல் வருடம் கோரி மாற்று ஆளாகப் பெஞ்சில் இருந்தான், அடுத்த வருடம் கணுக்கால் பிசகியிருந்தது. மூன்றாம் வருடம் ஆட்டம் எங்கள் மைதானத்தில். அந்த வாரம் கோரி போன் பண்ணினான். லைல் எனக்குக் கேட்கும்படி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். மகன் சொல்வதைத் தனியாகக் கேட்க அவருக்குப் பயம் என்று நினைக்கிறேன்.

"அப்பா, இந்தப் பக்கம் வந்து உக்காருங்கன்னு சொல்லல. ஆரஞ்சு போடுங்கன்னும் சொல்லல. பச்ச இல்லாம ஏதாவது ஒரு சட்ட போட்டுட்டு வாங்க. அது போதும் எனக்கு."

"பாக்கலாம்" என்றார் லைல்.

சனிக்கிழமை அவரைக் கூட்டிப்போகப் போனேன். பச்சை ஜாக்கெட்டோடு வண்டியில் ஏறினார்.

"லைல்."

"குளுரா இருக்கு, ராய். வேற கோட்டு இல்ல என்கிட்ட."

டோரீன் எதிர் கேலரியில், மப்ளரை வெளிப்படையாகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோரி அன்று பிரமாதமாக ஓடினான். எங்கள் வரிசைக்காரர்கள் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏ லைல், உன் பையனுக்கு வீட்ல சோறு போட்டு வளத்ததே நம்மள அடிக்கத்தானா?" என்றார் ஒருவர். "அப்பன் நாரை, புள்ள ஓநாய். டோரீன்கிட்ட விசாரிக்கணும்பா" என்றார் இன்னொருவர். லைல் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை.

கடைசிக் கட்டத்தில் நாங்கள் கொஞ்சம் முன்னால் இருந்தோம். கெய்ன்ஸ்வுட் எங்கள் எல்லைக்கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது; தாண்டினால் ஜெயித்துவிடுவார்கள். பந்து கோரியிடம் வந்தது. இடது பக்கமாகச் சுற்றி எங்கள் கேலரியை நோக்கித்தான் ஓடி வந்தான். எங்கள் ஆள் ஒருவன் தாழ வந்து முட்டியில் மோதினான். பந்து அவன் கையிலிருந்து துள்ளி விழுந்தது. இன்னொரு பச்சைச் சட்டை அதன் மேல் பாய்ந்து படுத்தது. பந்து கைமாறிவிட்டது, ஆட்டம் எங்களுடையது. கேலரி முழுவதும் எழுந்தது. லைலும் எழுந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். கோரியின் கால் எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தது என்று பார்த்துவிட்டேன்.

ஒவ்வொருவராகச் சத்தம் அடங்கி உட்கார்ந்தார்கள். பிறகுதான் லைலுக்குத் தெரிந்தது. கையை இறக்க மறந்து அப்படியே நின்றார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது கோரி தலையைத் திருப்பினான். அவன் வளர்ந்த வரிசை அது. அவன் தேட வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவன் தொடை வரை கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். இனி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டோரீன் அவன் தலைமாட்டில் இருந்தாள். லைல் அதே ஜாக்கெட்டோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"யார் ஜெயிச்சா?" என்று கேட்டான் கோரி. அவனை மைதானத்திலிருந்து நேராகக் கொண்டுபோயிருந்தார்கள். உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது.

"நாங்க" என்றார் லைல்.

கோரி கூரையைப் பார்த்தான். "நாங்கன்னா யாருப்பா? நீங்களும் பேங்க் மேனேஜரும் அந்த ஹென்ஸ்லியுமா?"

"வாய் தவறி வந்துருச்சுடா."

"கை தூக்கினதும் தவறித்தானா? பாத்தேன் நான்."

டோரீன் எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள். "வெளிய போ லைல்" என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

வண்டியில் அவர் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். "எல்லாரும் எந்திரிச்சாங்க, ராய். நான் மட்டுமா எந்திரிச்சேன்?"

டோரீன் கோரியைப் பார்த்துக்கொள்ள கெய்ன்ஸ்வுட்டில் ஒரு சின்ன வீடு எடுத்தாள். அவன் ஊன்றுகோலை விட்ட பிறகும் அவள் திரும்பி வரவில்லை. ஒருநாள் என்னை அனுப்பி அவள் தையல் மெஷினை எடுத்துவரச் சொன்னாள். லைலே அதைத் தூக்கி என் வண்டியில் வைத்து, ஆடாமல் கயிறு கட்டிக் கொடுத்தார். ஏதாவது சொல்லி அனுப்புவார் என்று இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். "பாலத்துல பள்ளம் இருக்கு, மெதுவாப் போ" என்றார்.

அடுத்த குளிர்காலத்தில் கோச் ஹென்ஸ்லி கெய்ன்ஸ்வுட்டுக்குப் போனார். ஆமாம், கெய்ன்ஸ்வுட்டுக்குத்தான். அவர்கள் அதிகச் சம்பளம் தந்தார்கள், அவர் போய்விட்டார். ஊரில் அவர் வீட்டு வாசலில் அழுகிய முட்டையைக் கொண்டு வந்து எறிந்தார்கள். லைல் அவரைப் பார்க்கப் போனார். ஒரு கேள்வியாவது கேட்பார், மகனுக்காக ஒரு வசவாவது விடுவார் என்ற நப்பாசையில் நானும் கூடப் போனேன்.

வாசலில் சாமான் லாரி நின்றது. ஹென்ஸ்லி லைலைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் விரித்தார். "லைல், நீ வருவேன்னு தெரியும். வேற எவனும் புரிஞ்சுக்க மாட்டான். நீ ஒருத்தன்தான் புரிஞ்சுக்கறவன்."

லைல் தொண்டையைச் செருமினார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். கூலியாட்கள் இரண்டு பேர் பெரிய சோபா ஒன்றை வாசல் வழியாக வெளியே கொண்டுவர முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். லைல் போய் ஒரு முனையைப் பிடித்தார். "இப்படிச் சாய்ங்கப்பா, இடிக்குது" என்றார். நான் என் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த சீசனில் என் இருக்கையையும் விட்டுவிட்டேன்.

அவர் விடவில்லை. "கோச்சுங்க வருவாங்க போவாங்க. அதுக்காக டீம விட்டுற முடியுமா?" என்றார்.

கோரி ஓமஹாவில் பள்ளி வாத்தியார் ஆனான். குளிர் நாளில் கொஞ்சம் நொண்டுவான். அவன் கல்யாணம் அக்டோபரில், ஒரு சனிக்கிழமை. வேண்டுமென்றே அந்த நாளை வைத்தானா என்று நான் கேட்கவில்லை. லைல் வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, புதுசு. சர்ச்சில் பின் வரிசையில் உட்கார்ந்தார். டோரீன் அவருக்குத் தலையசைத்தாள். பொழுது நல்லபடியாகப் போய்விடும் போலிருந்தது.

விருந்து தொடங்கியபோது அவரைக் காணவில்லை. கோரி என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தான். லைல் தன் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் தலையை வைத்திருந்தார். கோரி கண்ணாடியைத் தட்டினான்.

"அப்பா, போட்டோ எடுக்கணும். எல்லாரும் நிக்கறாங்க. வெளிச்சம் போயிட்டிருக்கு."

லைல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். "வந்துட்டேன்டா. ரெண்டு நிமிஷம்தான் பாக்கி."

எங்கள் ஆட்டத்தில் கடைசி இரண்டு நிமிடம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கோரிக்குத் தெரியாதா? நிறுத்தி நிறுத்தி ஆடுவார்கள், கால் மணி நேரமாவது ஆகும். அவன் கண்ணாடி மேல் வைத்திருந்த கையை எடுத்தான். "சரிப்பா, கேளுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

புல்வெளியில் எல்லாரையும் நிறுத்தி வைத்துவிட்டுப் போட்டோக்காரர் மாப்பிள்ளையின் அப்பா எங்கே என்று கேட்டார். டோரீன் என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். வெளிச்சம் போவதற்குள் எடுத்து முடித்துவிட்டார்கள்.

லைல் உள்ளே வந்தபோது முகம் சிவந்து மலர்ந்திருந்தது. கோரி பெண் வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்தான். டோரீன் கேக் மேஜைப் பக்கம் திரும்பி நின்றாள். யாரிடம் சொல்வது என்று கூடம் முழுக்கப் பார்த்தவர் கடைசியில் என்னிடம் வந்தார்.

"ஜெயிச்சாச்சு, ராய். கடைசி செகண்ட்ல."

"நல்லது லைல்" என்றேன். "போய்ச் சாப்பிடு, ஆறிடப் போகுது."