செசில் எல்விட்ஜுக்கு அடித்த கல்யாண மணி

கடைசியாக அப்பாவும் நானும் சேர்ந்து செய்த வேலை, கொல்லையில் கரி அறைக் கதவுக்குக் கீல் மாற்றியது. பிப்ரவரி மாதம். மேல் கீல் துருவேறி விட்டுப்போய், கதவு தரையில் உரசிக்கொண்டிருந்தது. நான் கதவைத் தூக்கிப் பிடித்தேன். அவர் திருகாணிகளை முடுக்கினார். ஒவ்வொரு திருகாணியும் கடைசிச் சுற்றில் முனகும்போது, "இந்தா எல்விட்ஜ், வாங்கிக்க" என்றார்.

"அந்தாளு செத்து நாலு வருஷம் ஆச்சுப்பா."

"ஆகட்டும். இன்னும் இறுகல."

கதவு நேராக நின்றது. உள்ளே போய் டீ குடித்தோம். ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார். மாரடைப்பு. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அப்பாவின் பெயர் ஆர்னால்ட் லெகேட். ஸ்கெல்பி என்கிற சின்ன ஊரில் சேணம் தைப்பவர். சந்தைச் சதுக்கத்தை ஒட்டிக் கடை, அதற்கு மேலே வீடு. நான் அவருடைய ஒரே பெண், மாவிஸ். வயல்களில் இருந்து தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்கு வரைபடம் போடும் வேலை. விசையையும் எடையையும் பற்றித்தான் எனக்கு எழுத வரும். ஆனால் அப்பாவைப் பற்றி ஊர் சொல்லிக்கொண்டிருப்பது தப்பு. அதைத் திருத்த வேறு ஆள் இல்லை.

சர்ச் கோபுரத்தில் ஆறு மணிகள். அப்பா மூன்றாம் மணிக்காரர். பதினெட்டு வயதில் பிடித்த கயிறு. கோபுரத்தில் ஒரே சட்டம்தான்: தலைவர் சொன்னால் இழு, 'நில்' என்று அவர் சொல்லும்வரை விடாதே. மேலே ஆடுவது டன் கணக்கான வெண்கலம். ஆளாளுக்கு யோசித்தால் யாராவது சாவார்கள். அதனால் அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை.

தலைவர் செசில் எல்விட்ஜ். கரி வியாபாரி. போர் வந்ததும் ஊர்க்காவல் படையில் சார்ஜென்ட் ஆனார். மீசையை அன்றைக்கே கத்தரித்துக்கொண்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் வருடக் கோடையில் நாடு முழுக்க சர்ச் மணி அடிக்கத் தடை வந்தது. எதிரி வந்து இறங்கினால் மட்டும் அடிக்கலாம். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, தெற்கே எங்கோ அபாயம் என்று தொலைபேசிகள் அலறின. எல்விட்ஜ் சைக்கிளில் எங்கள் கடைக்கு வந்தார். அப்பா கடையில் தனியாக இருந்தார். அம்மா சந்தையில், நான் சினிமாவில். எல்விட்ஜ் கோபுரச் சாவியைத் தையல் மேசைமேல் எறிந்தார்.

"டேய் ஆர்னால்ட், போய் அடி."

"எதுக்கு? யாராவது எறங்கிட்டானா?"

"தலைவன் நான் சொல்றேன். போடா."

அப்பா போய் அடித்தார்.

எந்த எதிரியும் வரவில்லை. ஆனால் மணிச்சத்தம் கேட்டதும் ஊர்க்காவல் படை ஆற்றுப்பாலத்தின் குறுக்கே கம்பி கட்டிவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் செய்தி கொண்டு வந்தான். அபாயம் ஒன்றுமில்லை, மணியை நிறுத்துங்கள் என்பதுதான் செய்தி. மங்கிய வெளிச்சத்தில் கம்பி தெரியவில்லை. செத்தவன் கசாப்புக் கடை ஓட்லிங்கின் மகன் கென். அவனுக்கு இருபதுகூட ஆகவில்லை.

விசாரணையில் எல்விட்ஜ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் ஆர்னால்டை அன்னிக்குப் பாக்கவே இல்லைங்க. சாவி ஆணியில தொங்கும். யாரு வேணும்னாலும் எடுக்கலாம்."

அவ்வளவுதான். சார்ஜென்ட் சொன்னதற்கு எதிராக அப்பா சொன்னது எடுபடவில்லை. அப்பா பதறி மணி அடித்த முட்டாள் ஆனார். மூன்றாம் மணிக்கயிறு வேறு ஆளுக்குப் போனது.

ஊரில் கசாப்புக் கடை ஒன்றுதான். ரேஷன் அட்டையை அங்கேதான் பதிந்திருந்தோம். கென்னின் அம்மா ஹெட்டி ஓட்லிங் கல்லாவில் நிற்பார். அம்மாவோ நானோ போனால் முதுகைக் காட்டிக்கொண்டு நிறுப்பார். எங்களுக்கு வருவது எப்போதும் கழுத்து எலும்பும் ஜவ்வும். போர் முடிந்த பிறகும், ரேஷன் போன பிறகும் அப்படித்தான். ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால், கேட்டிருந்தால், அப்பா சொல்லியிருப்பார். மகனை இழந்தவர் என்று எல்லாரும் அவருக்காக உருகினார்கள். நான் உருகவில்லை. நாங்கள் அந்த ஜவ்வைத் தின்றுகொண்டிருந்தோம்.

அப்பாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஓட்லிங் கடையில், வரிசையில் நிற்கும் பெண்களுக்கு முன்னால், எல்விட்ஜ் வாயைத் திறந்து "நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்று சொல்ல வேண்டும். கோபுரத்தையோ கயிற்றையோ அவர் திரும்பக் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் போதும்.

அதற்காக அவர் எல்விட்ஜைத் துரத்தினார். வேறு நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. முடிவெட்டும் கடையில், கால்நடைச் சந்தையில், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி. குரலை உயர்த்தமாட்டார்.

"செசில், அன்னிக்கு யாரு சொன்னா?"

"வயித்துக்கு எதாவது மருந்து சாப்பிடு ஆர்னால்ட்."

"அதுக்கு முன்னாடி நீ சொல்லு. யாரு சொன்னா?"

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பிறகு சிரிப்பும் நின்றுபோனது, கேள்வி நிற்கவில்லை. எல்விட்ஜ் தெருவின் எதிர்ச் சாரிக்கு மாறி நடக்கத் தொடங்கினார். அப்பாவும் மாறுவார். எல்விட்ஜிடம் கரி வாங்காமல் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் மூட்டை கட்டிக் கொண்டு வந்தார். பனிக்காலத்தில் இரண்டு முறை விழுந்தார். எல்விட்ஜின் வண்டிக் குதிரைக்குக் கழுத்துப் பட்டை அறுந்தபோது கடைக்கு அனுப்பினார்கள். அப்பா அதைத் தைத்து, பளபளப்பாக்கி, கடைக் கண்ணாடியில் தொங்கவிட்டார். அடியில் ஒரு அட்டை: 'சொந்தக்காரர் நேரில் வந்து ஒரு பதில் சொல்லிவிட்டு எடுத்துப் போகலாம்.' அது மூன்று கோடை அங்கேயே தொங்கியது. எல்விட்ஜ் புதிது வாங்கிக்கொண்டார்.

ஒரு முறை நான் பக்கத்தில் இருந்தேன். சந்தையில் முட்டைக் கூடைகளுக்கு நடுவே. அப்பா கேட்டார். எல்விட்ஜ் அவர் காதருகே குனிந்தார். நான் அந்தப் பக்கம் நிற்பது அவருக்குத் தெரியாது.

"ஆமாடா, சொன்னேன். யாருகிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்லிக்க. எவன் நம்புவான்?"

நான் இதை ஊரில் சொன்னேன். "அப்பன் சொல்லிக் கொடுத்ததைப் பொண்ணு ஒப்பிக்குது" என்றார்கள்.

அம்மா ஐம்பத்து மூன்றாம் வருடம் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு வருபவர்களுக்குப் பரிமாற ஓட்லிங் கடையிலிருந்து ஹாம், அதாவது உப்பிட்ட பன்றித்தொடைக் கறி, வாங்க வேண்டியிருந்தது. ஹெட்டி ஓட்லிங் கடைசித் துண்டுகளைக் கொடுத்தார். கொழுப்பும் தோலும். வந்தவர்கள் தட்டோரத்தில் ஒதுக்கி வைத்ததை நான் பார்த்தேன்.

ஐம்பத்தேழு நவம்பரில் எல்விட்ஜ் செத்தார். படுக்கையில், பிள்ளைகள் சூழ, நிம்மதியாக. சொல்லாமலே.

எங்கள் பக்கத்தில் மணிக்காரர் இறந்தால் மற்றவர்கள் மணியைப் பாதி மூடி அடிப்பார்கள். மணிநாக்கின் ஒரு பக்கத்தில் தோலுறையை வார் போட்டுக் கட்டுவது. ஓரடி தெளிவாக விழும், அடுத்த அடி தூரத்தில் முனகுவதுபோல் விழும். அந்த உறைகளைப் போருக்கு முன்னால் அப்பாதான் தைத்தார். கோபுரத்தில் கிடந்த செட்டை எலி தின்றுவிட்டது. இன்னொரு செட் எங்கள் கடை அலமாரியில் இருந்தது. புதிய தலைவர் வால்டர் பிளேட்ஸ் கதவைத் தட்டினார். நல்ல ஆள், கூச்சக்காரர்.

"ஆர்னால்டண்ணே, கேக்கறதுக்கே வாய் வரல."

"உறை வேணும். அதானே?"

"கட்டவும் உங்களுக்குத்தான் தெரியும். நாளைக்குக் காலைல… செத்தவரு செத்துட்டாரு. பழசை எல்லாம்…"

"வர்றேன்."

அவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததில் வால்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை. எனக்கு அப்பாவைத் தெரியும்.

காலையில் மூவரும் ஏறினோம். நான் விளக்குப் பிடிக்க. மணிகள் வாய் கவிழ்ந்து தொங்கின. அப்பா ஒவ்வொரு நாக்கிலும் உறையைப் பொருத்தி, வாரை இழுத்து, கொக்கி மாட்டினார். வால்டர் ஆறையும் தடவிப் பார்த்தார்.

"நீ கீழ போ வால்டர். கயிறெல்லாம் பாரு. நான் கொக்கிய ஒரு தரம் சரி பாத்துட்டு வர்றேன்."

வால்டர் இறங்கினார். காலடிச் சத்தம் அடங்கியதும் அப்பா முதல் கொக்கியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். நான் பையை விரித்துப் பிடித்தேன். ஆறு உறைகளும் உள்ளே போயின. இன்று கேட்டாலும் பிடிப்பேன்.

பிணவண்டி சதுக்கத்துக்குள் வந்தபோது கடைகளில் திரை இறக்கியிருந்தார்கள். ஆண்கள் தொப்பியை எடுத்தார்கள். வண்டி சர்ச் வாசலைத் தொட்டதும் கோபுரத்தில் ஆறு மணியும் திறந்த தொண்டையில் பொழிந்தன. கல்யாணத்துக்கு அடிப்பதுபோல் ஒன்றிலிருந்து ஆறு வரை குதித்து இறங்கி, மறுபடி குதித்து இறங்கி.

கீழே கயிறு பிடித்தவர்களுக்கு முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் தலைவர் 'நில்' என்று சொல்லவில்லை. சொல்லாமல் யாரும் விடக்கூடாது. வால்டர் தன் கயிற்றோடு சிலையாகிப்போனார் என்று பிறகு சொன்னார்கள், கைமட்டும் இழுத்துக்கொண்டிருந்ததாம். அதனால் மற்ற ஐந்து பேரும் இழுத்தார்கள். எல்விட்ஜ் சொல்லிக் கொடுத்த சட்டம். அன்றைக்கு அப்பா இழுத்ததும் அதே சட்டத்தில்தான்.

"யாருக்குடி கல்யாணம்?" என்றாள் ரொட்டிக் கடைப் பெண். பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்விட்ஜின் விதவை மகனின் கையைப் பிடித்தபடி மேலே பார்த்தார். பிணம் தூக்கியவர்களின் கால் மணித்தாளத்துக்கு மாறிவிட்டது. பெட்டி லேசாகத் துள்ளியபடி உள்ளே போனது. அப்பா கடை வாசலில் தொப்பியைத் தலையில் வைத்தபடியே நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. நானும் சந்தோஷமாக இருந்தேன். மிகவும்.

மாலையில் ஹெட்டி ஓட்லிங் எங்கள் கடைக்கு வந்தார். பதினேழு வருடத்தில் முதல் முறை. இடுப்பில் கட்டிய ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

"நீதானேப்பா?"

"நான்தாங்க."

"என் பையன் செத்தான். நான் யாரு சாவையும் கெடுக்கல. உனக்கு அப்படி என்ன வயித்தெரிச்சல் அந்தாளு மேல?"

அப்பா வாயைத் திறந்தார். பதினேழு வருடம் காத்திருந்த இடம் இதுதான். ஆனால் வாயை மூடிக்கொண்டு, மேசைமேல் கிடந்த வாரைச் சுருட்டத் தொடங்கினார்.

ஹெட்டி ஓட்லிங் அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "இங்க வேணாம். புதன்கிழமை மத்தியானம் கடை அடைப்பு. பின்பக்கமா வா. அடுப்படியில உக்காந்து சொல்லு. கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"போங்கப்பா. போய்ச் சொல்லுங்க" என்றேன்.

"எப்படிச் சொல்றது? இன்னிக்குக் காலைல வரைக்கும் சொல்லியிருக்கலாம். இப்பச் சொன்னா, பிணத்து மேல மணி அடிச்சவன் பிணத்து மேல பழியும் போடறான்னு ஆகும்."

"நான் கேட்டேனே அப்பா. சந்தையில. நானும் வர்றேன்."

"நீ என் பொண்ணு."

அவர் சொன்னது சரியான கணக்கு. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பிழை கண்டுபிடிக்கவும் முடியவில்லை. கையில் இருந்த ஒரே அடியை அவர் அன்றைக்கு அடித்துத் தீர்த்திருந்தார்.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முகம் மழிப்பார். காலர் மாட்டுவார். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுவார். இருட்டியதும் அவிழ்ப்பார். "அடுத்த வாரம்" என்பார்.

ஏப்ரலில் அவர் இறந்த மறுநாள் வால்டர் வந்தார். தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"பசங்கல்லாம் பேசினோம் மாவிஸ். அவரும் மணிக்காரர்தானே. பாதி மூடி அடிக்கலாம்னு… உறை எங்கம்மா இருக்கு?"

"அடுப்புல."

"என்னது?"

"நேத்தே போட்டேன். நல்லா எரிஞ்சுது."

அவர் போய்விட்டார். அடக்கம் மணி இல்லாமல் நடந்தது. ஓட்லிங் கடையிலிருந்து ஒரு முழு ஹாம் வந்தது. முதல் தரம், கொழுப்பே இல்லாமல். நான் திருப்பி அனுப்பினேன்.

ஹெட்டி ஓட்லிங் இன்னும் கல்லாவில்தான் நிற்கிறார். வயதாகிவிட்டது. நான் போய்ச் சொன்னால் இப்போது நம்பக்கூடும். மகனைக் கொன்றது எந்த வாய் என்று தெரிந்தால் அவர் மனம் ஆறலாம். ஆற வேண்டாம் என்றுதான் இப்போதைக்கு நினைக்கிறேன்.

நாளை புதன்கிழமை. மத்தியானம் ஓட்லிங் கடை மூடியிருக்கும், பின்கதவு சாத்தியிருக்காது. அப்பா கடைசிவரை அங்கே போகவில்லை. நாளைக்கு நானும் போகப்போவதில்லை.