சின்னண்ணன் நட்ட ஏழு கல்

கண்ணாத்தாளின் புருஷன் சின்னண்ணனுக்கு உழைப்பு என்றால் வேலியை நகர்த்துவதுதான். மேட்டூர் அணை வேலைக்கு ஊரே கூலிக்குப் போனபோதும் இவன் போகவில்லை. அஸ்தம்பட்டிக்கு அந்தப் பக்கம், ஏரிப் புறம்போக்கை ஒட்டி அவனுக்கு ஒரு வீடு. வருஷா வருஷம் மழை விட்டதும் இலந்தை முள்ளை வெட்டிவந்து, பழைய வேலிக்கு ஒரு முழம் தள்ளிக் கட்டுவான். கேட்டால், "சர்க்கார் நெலம்னா நம்ம நெலந்தானுங்களே" என்பான். இப்படியே தண்ணீர் வரைக்கும் போய் ஒரு மாட்டுக் கொட்டகையும் போட்டுவிட்டான். கொட்டகையில் நின்றது ஒரே ஒரு கிழட்டு எருமை. அதற்கு இருக்கிற ரோஷம்கூட இந்த மனுஷனுக்கு இல்லையே என்று கண்ணாத்தாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

தெருப் பெண்கள் தண்ணீருக்குப் போய்வந்த தடம் அந்த வேலிக்குள் போய்விட்டது. குடத்தோடு ஏரியைச் சுற்றி நடந்தவர்கள், கண்ணாத்தாளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வேலியைப் பிரி என்று அவள் மன்றாடினால், பொட்டச்சிக்கு என்ன தெரியும் என்று சீறுவான். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். அந்தத் தடம் திறந்தால் போதும், நாலு பேர் முகத்தில் விழிக்கலாம்.

அணை முடிந்த மறு வருஷம், ஏரிக்கரையை ஊருக்குப் பொதுவான பூங்காவாக்க நகரசபை தீர்மானித்தது. ஓவர்சியர் சங்கிலி பிடித்து அளந்து, தை பிறப்பதற்குள் வேலியையும் கொட்டகையையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாளில், வேலிக்கு முன்னால் தெருவைப் பார்த்து ஏழு கல் முளைத்தது. மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணி. கன்னிமார் ஏழு பேரும் அவன் கனவில் வந்து, இங்கேதான் குடியிருப்போம் என்றார்களாம். திருட்டுப் பயல்! கல் பக்கத்துக் கரட்டுக் குன்றிலிருந்து வந்ததும், மஞ்சள் தன் அம்மியிலிருந்து போனதும் கண்ணாத்தாளுக்குத் தெரியாதா?

ஓவர்சியர் ஆட்களோடு வந்தார். கல்லைப் பார்த்ததும் ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டார்கள். நெற்றி நிறையத் திருநீறோடு சின்னண்ணன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். தெருவே கூடிவிட்டது. அப்போது கண்ணாத்தாள் முன்னால் வந்தாள்.

"ஏனுங்க, கன்னிமாரு தண்ணிக்குப் போயித் தல முழுகுவாங்களே, அவிய தடம் எதுங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்லுக்கும் ஏரிக்கும் நேர் நடுவில் அவன் வேலியும் கொட்டகையும் நின்றன. கன்னிமார் தண்ணீருக்குப் போகும் வழியை மறித்து ஒரு முளைக்குச்சி அடிக்கக்கூட அந்த ஊர்ப் பக்கம் யாரும் துணிய மாட்டார்கள்; அது தெய்வக் குற்றம்.

பக்கத்து வீட்டு அங்கம்மாள் விடவில்லை. "சொல்லு சின்னண்ணா. உன்ற கனவுலதான வந்தாங்க? தடத்த அடைச்சுப்போட்டு சாமிய எங்க போகச் சொல்ற?"

கல் பொய் என்றால் அடி விழும். மெய் என்றால் நிலம் போகும். சின்னண்ணன் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினான்.

"இதானுங்க தடம்."

சாமி காரியத்தில் அடுத்தவன் கை படக்கூடாது என்றாள் அங்கம்மாள். அதனால் அவனே கூரை ஏறினான், அவனே முள்ளை இழுத்தான். அவன் முதுகில் வேர்வை ஓடுவதைக் கண்ணாத்தாள் கல்யாணமானதிலிருந்து அன்றைக்குத்தான் பார்த்தாள். பாவம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வழி திறந்ததும் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். அங்கம்மாள் கண்ணாத்தாள் வாசலில் வந்து நின்றாள்.

"தண்ணிக்கு வாரியா, கண்ணாத்தா?"

"வாரேனுங்க அக்கா" என்றாள். குடத்தைத் தேடி உள்ளே ஓடினாள்.