நடக்காத கூட்டத்துக்கு நான் எழுதிய கோரிக்கை

இன்று எங்கள் ஆபீஸில் தொழிலாளர் கமிட்டியைக் கலைத்தோம். மொத்தம் நான்கு நிமிடம் ஆனது!

(கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். எனக்கும் விசா வேண்டும். ஆளின் பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன்.)

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஓர் அலுமினியத் தொழிற்சாலை. ஜன்னல், கதவு பிரேம்களுக்கான சட்டங்கள் செய்கிறோம். பாதிச் சரக்கு யூரோப்புக்குப் போகும். நான் அங்கே டாகுமெண்ட் கண்ட்ரோலர், அதாவது எந்தப் பேப்பர் தொலைந்தாலும் திட்டு வாங்குகிற ஆள்.

போன வருடம், ஜெர்மனியில் எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனி ஒரு கேள்வித்தாள் அனுப்பியது.

யூரோப்பில் புதுச் சட்டம் வருகிறதாம். வெளிநாட்டில் பொருள் வாங்கினால், அதைச் செய்கிற தொழிலாளிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று வாங்குகிறவர்கள்தான் பார்க்க வேண்டுமாம்.

அதில் ஒரு கேள்வி: தொழிலாளிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் நிர்வாகத்துடன் சம்பளம் பற்றிப் பேசுகிறார்களா?

இந்த நாட்டில் யூனியன் கிடையாது. எங்கள் கம்பெனியில் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது பாத்ரூமில் மட்டும்தான். ஆனால் 'இல்லை' என்று டிக் செய்தால் ஆர்டர் போய்விடும் என்று எச்.ஆர். மேனேஜருக்குப் பயம். நேரில் வேறு ஆடிட் வரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஒரே மதியத்தில் கமிட்டி பிறந்தது!

தேர்தலா? மேனேஜர், அலுமினியத்தை அழுத்திச் சட்டமாக்கும் பிரஸ் செக்‌ஷனுக்குப் போய், இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். தர்மராஜ் அண்ணன் கையைத் தூக்கினார். ஜெயித்துவிட்டார். மற்ற உறுப்பினர்களை மேனேஜரே பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

அண்ணனுக்குப் பரமக்குடிப் பக்கம். பாலிடெக்னிக் படித்தவர். பன்னிரண்டு வருடமாக அதே பிரஸ் மெஷினில் நிற்கிறார். தங்குவது மற்றத் தொழிலாளிகளோடு கம்பெனியின் லேபர் கேம்ப்பில்.

கமிட்டி ஆறு மாதமாகக் கூடி வருவது போல ஆறு மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்புகள், எழுதச் சொன்னார்கள். எழுதினேன். மூன்று விதப் பேனாவில் கையெழுத்து வாங்கினோம். பழசாகத் தெரியட்டும் என்று ஒரு தாளில் டீ கூடக் கொட்டினோம். (ஆடிட் பார்த்த வளைகுடாக்காரர்கள் சிரிப்பது கேட்கிறது.)

எல்லாக் கூட்டத்திலும் தொழிலாளிகள் திருப்தி என்றே இருந்தால் நம்ப மாட்டார்கள், ஏதாவது ஒரு கோரிக்கை போடு என்றார் மேனேஜர். மெஸ் சாப்பாடு, வாட்டர் கூலர் என்று எதையாவது போட்டிருக்கலாம்.

நான் போட்டது இது: நான்கு வருடமாக ஏறாத பேசிக் சம்பளத்தை ஏற்றித் தர வேண்டும் என்று தர்மராஜ் கேட்டார். நிர்வாகம் பரிசீலிக்க ஒப்புக்கொண்டது.

(பேசிக்கைத் தொடாமல் அலவன்ஸை மட்டும் ஏற்றுவார்கள். வேலையை விட்டுப் போகும்போது கையில் தருவது பேசிக்கை வைத்துத்தான்.)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது என் மனதில் இருந்தது. என் பேசிக்கும் ஏறவில்லை. நானாகக் கேட்கத் தைரியம் இல்லாமல் அண்ணன் பெயரில் கேட்டுவிட்டேன்.

மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கமிட்டியில் இருந்த மற்றவர்களும் அப்படியே. தர்மராஜ் அண்ணன் மட்டும் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

படித்ததை நம்பியும் விட்டார். மற்றவர்கள் எப்போதோ மேலே பேசி முடித்திருக்கிறார்கள், தன் பெயரைச் சும்மா போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். மேனேஜர் கையெழுத்தே இருக்கிறதே! போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்.

மாதம் ஒருமுறை என் மேஜைக்கு வந்து, பரிசீலனை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்பார். பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

ஆடிட் முடியும்வரை அவரை யாரும் தொட மாட்டார்கள் என்று எனக்கொரு அசட்டுத் தைரியம்.

போன மாதம் ஜெர்மனியிலிருந்து மெயில் வந்தது. யூரோப்பில் அந்தச் சட்டத்தைத் தளர்த்தி, தள்ளியும் வைத்துவிட்டார்களாம். அங்குள்ள கம்பெனிகளுக்குப் பாரம் அதிகமாம், உலகத்தோடு போட்டி போட முடியவில்லையாம். அதனால் இப்போதைக்கு ஆடிட் இல்லை.

மேனேஜர் "கலாஸ்", முடிந்தது என்று அரபியில் சொல்லி, ஆபீஸில் எல்லோருக்கும் ஷவர்மா வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன்.

அடுத்த வாரம், இது எதுவும் தெரியாமல் தர்மராஜ் அண்ணன் மேனேஜர் ரூமுக்குப் போனார். போட்டோவைக் காட்டி, பேசிக் எப்போது ஏறும் என்று மரியாதையாகத்தான் கேட்டார். நோட்ஸ் எடுக்க என்னையும் உட்கார வைத்திருந்தார்கள்.

இந்த யோசனையை உனக்குக் கொடுத்தது யார் என்று மேனேஜர் இந்தியில் கேட்டார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

"சப் லோக் மில்கே போலா, சார்" என்றார். எல்லோரும் சேர்ந்துதான் சொன்னோம் என்று.

யார் யார், பெயரைச் சொல் என்றார் மேனேஜர். அண்ணன் ஒரு பெயரும் சொல்லவில்லை. நான் குனிந்து நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்று கமிட்டி கலைந்தது. அண்ணனுடைய காண்ட்ராக்ட் ரினியூ ஆகாது என்ற லெட்டரும் கூடவே போனது. டைப் செய்தது நான்தான்.

மதியம் கேண்டீன் வாசலில் அவரை நிறுத்தி, நடந்ததை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கேக்க வேண்டியதத்தான் மேடம் எழுதிருக்கீக. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கேம்ப்ல இருக்க அத்தன பேரையும் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். எல்லாரும் முன்னாடியே பேசி முடிச்சிட்டாகன்னு நெனச்சுத்தான் நான் ஒத்தையாப் போனேன்."



நண்பர்களே, அலுமினியம் எக்ஸ்ட்ரூஷன் பிரஸ்ஸில் பன்னிரண்டு வருட அனுபவம் உள்ளவர். மூத்த மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். விசா கேன்சல் ஆனால் இங்கே அதிக நாள் தங்க முடியாது. துபாயோ, ஓமானில் சோஹாரோ, எங்கே வேலை இருந்தாலும் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.

இந்தப் பதிவை அவரிடம் முழுதாகப் படித்துக் காட்டி, போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்.