எட்டடிக்கு நாலடி உதவி

போர்டு எழுதுபவரின் இருபத்திரண்டு ஆண்டுத் தொழில் முழுவதும் நீல அட்டை போட்ட ஒரே நோட்டுக்குள் அடங்கியிருந்தது. வெளிநாட்டு உதவியில் நடந்த ஒவ்வொரு வேலைக்கும் அவர் எழுதிய பலகையின் நீள அகலம், கொடியின் நிறங்கள், மாட்டிய இடம், தேதி ஆகியவை அதில் முறையாகப் பதிவாகியிருந்தன. பணக்கார நாடுகளின் தாராளம் எவ்வாறு மெலிந்தது என்று அறிய விரும்புபவர் அதைப் புரட்டினாலே போதும். பத்துப் படுக்கைகளோடு சுகாதார நிலையம் கட்டித் தந்த நாடு இரண்டடிப் பலகையோடு திருப்தியடைந்தது. பிறகு ஆழ்குழாய்க் கிணறு தந்த நாட்டுக்கு நாலடி வேண்டியிருந்தது. சோப்பு இல்லாமல் கைகழுவும் வகுப்பை அரைநாள் நடத்திய நாடோ எட்டடிக்கு நாலடி கேட்டு வாங்கியது.

இந்த ஆண்டு ஒரு நாடு பிரசவ அறையின் கூரையைச் சீர்செய்துதர ஒப்புக்கொண்டது. அந்நாட்டின் விதிப்படி முதலில் பலகை, அடுத்து புகைப்படம், அதன்பிறகே வேலை. போர்டு எழுதுபவர் எட்டடிக்கு நாலடிக் கனத்த தகரத்தில் மூன்று முறை பெயின்ட் அடித்து, "பிரசவ அறைக் கூரை: நட்பு நாட்டு மக்களின் அன்பளிப்பு" என்று எழுதிச் சுகாதார நிலைய வாசலில் மாட்டினார். புகைப்படம் போயிற்று, கடிதம் வந்தது. அந்நாடு உதவியைக் குறைத்துவிட்டது. மிச்சமிருந்ததையும் தன் ஊரிலேயே ஆலோசனைக் கூட்டங்களுக்குச் செலவிட்டு, அதையும் வெளி உதவி என்றே எழுதிக்கொண்டது. ஆகவே கூரை கிடையாது. ஆனால் சாதனைப் பட்டியலில் ஏறிவிட்டபடியால் பலகை இருந்தே ஆக வேண்டும்; உதவித் திட்டத்தின் ஆய்வாளர் வருவார்; பலகை இல்லையேல் அந்நாடு அனுப்பும் மருந்துப் பெட்டிகளும் நின்றுவிடும்.

போர்டு எழுதுபவரின் மகளுக்கு அது தலைப்பிரசவம். நிலையத்து நர்ஸ் அவருடைய மனைவியின் தங்கை.

"அத்தான், நேத்து ஒரு கையில குடை, ஒரு கையில குழந்தை. உங்க பொண்ணுக்கு இன்னும் நாலே நாள். குடை பிடிக்க நீங்க வர்றீங்களா?"

"கூரை வருதுன்னு சொன்னாங்களே?"

"வந்துடுச்சே! வாசல்ல நிக்குது. நீங்கதானே எழுதினீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. வெளியே வந்து பார்த்தார். கொட்டுகிற மழையில் பலகைக்கு அடியில் ஒரு நாய் சொட்டு ஈரமில்லாமல் உறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய் டேப் பிடித்தார். கூரை இற்றுப்போன இடம் ஏழடிக்கு மூன்றரை.

மழை விட்டதும் பலகையைக் கழற்றத் தொடங்கினார். நர்ஸ் பதறி ஓடிவந்தாள்.

"ஐயோ, எடுத்துட்டா மருந்து நின்னுடும் அத்தான்!"

"எடுக்கல. இடம் மாத்துறேன். கூரைன்னுதானே எழுதியிருக்கு?"

துருப்பிடித்த தகரங்களைப் பெயர்த்துவிட்டுப் பலகையைப் பொருத்தி, ஆணித் துளைகளைத் தாரால் அடைத்தார். எழுத்துப் பக்கத்தைக் கீழ்நோக்கி வைத்தார். வெயிலிலும் மழையிலும் எழுத்து வெளுத்துப் போவதை அவரால் சகிக்க முடியாது.

நாலாம் நாள் அடைமழையில் பேத்தி பிறந்தாள். குடை மூலையிலேயே கிடந்தது. மறுநாள் ஆய்வாளர் வந்து வெறும் வாசலைப் பார்த்து முகம் சுளித்தார்.

"பலகை எங்கே?"

"உள்ள வாங்க சார். செருப்பை வெளியவே விட்டுடுங்க," என்று நர்ஸ் காலிப் படுக்கை ஒன்றைக் காட்டினாள். "இப்படி மல்லாந்து படுங்க."

படுத்தார். நேர் மேலே கொடி, எழுத்து, அன்பளிப்பு, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அதன்மேல் மழை தடதடத்தது. ஒரு துளி விழவில்லை. படமெடுத்தபின் அவர் சற்று நேரம் எழவில்லை. படுத்தபடியே படிவத்தை நிரப்பினார். பலகை: உள்ளது. பயன்பாடு: முழுமை. பயன்பாடு என்ற கட்டத்தில் அவர் கோடு கிழிக்காமல் விட்டது அதுவே முதல் முறை.

புறப்படும்போது போர்டு எழுதுபவரைத் தனியே அழைத்தார். "அடுத்த வருஷமும் வேலைக்கு ஒண்ணும் இல்லீங்க. பலகைக்கு மட்டும் அனுமதி உண்டு. என்ன அளவு போடட்டும்?"

அவர் டேப்பை எடுத்துக்கொண்டு, கர்ப்பிணிகள் குடையோடு உட்கார்ந்திருந்த வராந்தாவுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார்.

"பன்னெண்டுக்கு ஆறு போட்டுக்குங்க சார்."

உள்ளிருந்து நர்ஸின் குரல் வந்தது. "தகரம் கனமா இருக்கட்டும்னு சொல்லுங்க அத்தான்!"