கான்கூனில் அப்பாவுக்கு ஒரு தட்டு

இந்த ஊரில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தால், முன்பின் தெரியாத ஆட்கள் மேசையைக் கடக்கும்போது உங்கள் தட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். 'ப்ரொவேச்சோ.' தின்பது உடம்பில் ஒட்டட்டும் என்று வாழ்த்துவது. வந்த முதல் வாரம் எனக்கு இது தெரியாது. கான்கூனில் பெரிய விடுதிகள் எல்லாம் கடலை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்கள் குடியிருப்பது உள்ளே, கடல் தெரியாத நகரத்தில். அந்த நகரத்தின் பஸ் நிலையத்துக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒரு கடையில் காலைப் பசிக்கு உட்கார்ந்திருந்தேன். மண்ணுக்குள் புதைத்து வேகவைத்த பன்றிக்கறியை மக்காச்சோள ரொட்டியில் சுருட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்த வார்த்தையைச் சொன்னார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கடையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர் பயந்துபோய், தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதுபோல நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டார். நான் இன்னும் கொஞ்சம் கறி கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கடைக்காரம்மாள் கரண்டியோடு வந்தார். கையில் தட்டோடு நான் நின்றுகொண்டே இருந்தேன். கூட வந்திருந்த பெர்மின்தான் என் தோளை அழுத்தி உட்காரவைத்தான். நான் சமைக்கும் விடுதியில் பாத்திரம் கழுவுகிறவன் அவன். மாயா இனத்தவன். அப்போது எனக்கு ஸ்பானிய மொழி இருபது வார்த்தைகூடத் தெரியாது, அவனுக்கும் அது சொந்த மொழி கிடையாது. ஏன் எழுந்தாய் என்று கையாலேயே கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது ஸ்பானிய மொழி நன்றாக வருகிறது. இன்னும் சொல்லவில்லை.

உங்களுக்குச் சொல்லலாம். எங்கள் ஊர் சங்கராபுரத்துக்குப் பக்கத்தில். ஊர் என்றால் ஊர் இல்லை, காலனி. ஊருக்குள் இருந்த டீக்கடையில் எங்களுக்கு பெஞ்சு கிடையாது. வெளியே நின்று குடிக்க வேண்டும், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். என் அப்பா பெயர் மண்ணாங்கட்டி, கூலிவேலைக்குப் போகிறவர். கரும்பு வெட்டுவார், மரவள்ளி பிடுங்குவார். அவர் அந்தக் கடை வாசலில் நின்றபடியே எத்தனை ஆயிரம் டீ குடித்திருப்பார் என்று தெரியாது. எனக்கு அது பிடிக்கவில்லை. பத்தாவது தவறியதும் கள்ளக்குறிச்சிக்கு வந்து, பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு பரோட்டா கடையில் வேலை கேட்டேன். முதலாளி நல்லவர்தான். "எந்த ஊருப்பா?" என்றார். எலவனாசூர்கோட்டை என்றேன். அந்தப் பக்கம் அவருக்கு யாரையும் தெரியாது என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். "எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வந்தது. கோயில் தெரு என்றேன். அவர் தலையாட்டினார். நான் உள்ளே போனேன், குடத்தைத் தொட்டேன், மாவைப் பிசைந்தேன், ஒரு வருஷத்தில் கல்லில் நிற்கும் மாஸ்டர் ஆனேன்.

அந்த வருஷங்களில்தான் எங்கள் பக்கம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்தது. படிப்பிலும் வேலையிலும் தங்களுக்குத் தனியாக ஒரு பங்கு வேண்டும் என்று கேட்டவர்கள் எங்களைப்போலவே வெயிலில் காய்ந்தவர்கள். காணி நிலம் வைத்திருந்தாலும் கஞ்சிதான் குடித்தார்கள். அவர்களிலும் போலீஸ் துப்பாக்கிக்குச் செத்தவர்கள் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் சாலையில் மரங்கள் சாய்ந்து பஸ்கள் நின்றுபோன அந்த நாள்களில், யார் மேலேயோ இருந்த கோபம் கிராமங்களுக்குள் திரும்பியபோது காலனிகளின் கூரைகள் எரிந்தன. கள்ளக்குறிச்சியில் கடைகள் பாதி ஷட்டரை இறக்கி வைத்துக்கொண்டு நடந்தன. வருகிறவனை மேலும் கீழும் பார்த்து, நீ எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். கோயில் தெரு என்ற பொய் எனக்கு அப்போது சட்டையைவிட அவசியமாக இருந்தது.

அப்படி ஒரு மத்தியானம் அப்பா கடை வாசலில் வந்து நின்றார். பஸ் இல்லாததால் சாலையை விட்டு விலகி, வயல் வழியாகவே நடந்து வந்திருக்கிறார். முழங்கால் வரை சேறு. தோளில் துண்டு. கல்லாவில் இருந்த முதலாளி, "யாருய்யா, இன்னா வேணும்?" என்றார்.

"எம் புள்ள இங்க..." என்று அப்பா தொடங்கினார்.

நான் கல்லை விட்டு ஓடிவந்தேன். "எங்க ஊர்க்காரரு மொதலாளி. எங்க வூட்டு நெலத்துல கூலிக்கு வர்றவரு."

அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்ததுபோல இப்போது தோன்றுகிறது, ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நில உடைமைக்காரர்கள் முன்னால் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார்.

"ஆமாங்க சாமி. தம்பி வூட்ல வேலை செய்யறவன்தான். எம் புள்ள ஒருத்தன் இந்தப் பக்கம் வந்துட்டான், தேடிக்கினு வந்தேன். அப்பிடியே தம்பியப் பாத்துட்டுப் போலாம்னு."

"பசியா வந்திருப்பாரு, பின்னால வெச்சிக் குடுய்யா" என்றார் முதலாளி. கடைக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடத்தில் ஓர் இலையில் இரண்டு பரோட்டா வைத்து சால்னா ஊற்றினேன். அங்கே எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அப்பா என்று கூப்பிட்டிருக்கலாம். காதோடு சொல்லியிருந்தாலும் போதும். நான் ஷட்டர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலையேங்க தம்பி?" என்றார் மெதுவாக.

"ஒண்ணும் ஆவல."

"டவுனுல நம்ம பசங்கள அடிக்கிறாங்கன்னு சொன்னாங்க. அதான். நீங்க போயி வேலையப் பாருங்க."

ஒரு பரோட்டாவைத் தின்றார். இன்னொன்றை இலையோடு துண்டில் முடிந்துகொண்டார். வந்த வழியே நடந்தார்.

சாலை திறந்து பஸ் ஓடியபின் ஊருக்குப் போனேன். எங்கள் தெருவில் பதினோரு வீட்டுக்குக் கூரை இல்லை. எங்கள் வீடும் அதில் ஒன்று. அப்பா கள்ளக்குறிச்சிக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பே எரிந்துவிட்டது. அம்மாவும் தங்கச்சியும் கரும்புக்குள் பதுங்கிக் கிடந்திருக்கிறார்கள். அந்த இன்னொரு பரோட்டா அவர்களுக்குப் போயிருக்கிறது. "உங்கப்பன் வந்து சொல்லலியா?" என்று அம்மா கேட்டாள். கரிக்கட்டைகளை ஒதுக்கிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வாங்க தம்பி" என்றார்.

அவர் கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். கோபம் என்றால் தணிந்துவிடும். அப்படித் தணியவே இல்லை, ஏனென்றால் அவர் கோபப்படவே இல்லை. அன்றிலிருந்து அவருக்கு நான் 'நீங்க' ஆகிவிட்டேன். 'வாங்க', 'துன்னுங்க', 'படுங்க'. ஒருநாள் தாங்க முடியாமல், "என்ன ஏம்பா வாங்க போங்கன்ற? எப்பவும் போல வாடா போடான்னு கூப்புடு" என்று கத்தினேன். சங்கடமாகச் சிரித்தார். "பழகிடுச்சிங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சென்னைக்குப் போனேன், ஒரு பயணிகள் கப்பலின் சமையல்கட்டில் சேர்ந்தேன். கப்பலில் இருந்த தலைமைச் சமையல்காரர் கான்கூனில் புதிதாகத் திறந்த விடுதிக்கு மாறியபோது என்னையும் கூட்டிக்கொண்டார்.

இங்கே என்னை யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. 'இந்தூ' என்கிறார்கள். இந்தியாவிலிருந்து வந்த யாராக இருந்தாலும் இவர்களுக்கு இந்துதான். மாட்டுக்கறி தின்னும்போது மட்டும் ஆச்சரியமாகப் பார்த்து, உங்களுக்குப் பாவம் இல்லையா என்கிறார்கள். எங்கள் காலனியைப் பற்றி அவர்களுக்கு எங்கே ஆரம்பித்துச் சொல்வது? விடுதியில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எண்பது வகை வைக்கிறோம். இறாலும் அன்னாசியும் மலைபோல அடுக்கியிருக்கும். மிஞ்சுவதை வேலைக்காரர்கள் தொடக் கூடாது, தொட்டால் அன்றோடு வேலை போய்விடும். நாங்கள் தின்பது அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், சோறும் கருப்பு பீன்ஸும். விடுதி கட்டியபோது செங்கல் சுமந்த பெர்மின், அதன் முன்வாசல் வழியாக ஒரு தடவைகூட நடந்ததில்லை. அவனிடம் அதைக் கேட்டபோது தோளைக் குலுக்கினான். எனக்குத் தெரிந்த தோள்குலுக்கல் அது. இதற்காகவா இவ்வளவு கடலைத் தாண்டி வந்தேன் என்று அன்று நினைத்தேன்.

அப்பாவோடு ஒரே ஒரு தடவை தொலைபேசியில் பேசினேன். தங்கச்சி அவரைச் சங்கராபுரத்தில் ஒரு கடைக்குக் கூட்டிவந்திருந்தாள்.

"சாப்டீங்களா தம்பி? அந்த ஊர்ல இன்னா சாப்பாடுங்க?"

"சோளத்துல ரொட்டி சுடுவாங்கப்பா. மூணு வேளையும் அதான்."

"சோளமாங்க?" என்று சிரித்தார். "சோளக்கூழு வாணாம்னுதான அவ்ளோ தூரம் போனீங்க." பிறகு இணைப்பில் இரைச்சல் கூடிவிட்டது. இரைச்சலுக்குள் அவர் ஏதோ கேட்டார். நான் நன்றாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று கத்தினேன். அவர் கேட்டது அதைத்தானா என்று தெரியாது. அடுத்த வருஷம் தங்கச்சியின் கடிதம் வந்தபோது, அவரைப் புதைத்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

இந்த நாட்டில் நவம்பர் பிறக்கும்போது செத்தவர்கள் சாப்பிட வருவார்கள் என்று நம்புகிறார்கள். மாயா மொழியில் அதற்கு 'ஹனால் பிஷான்' என்று பெயர், ஆவிகளின் சாப்பாடு. அப்பா செத்த வருஷம் பெர்மின் என்னைத் தன் கிராமத்துக்கு அழைத்தான். மூன்று மணி நேர பஸ் பயணம். சாலையின் இரண்டு பக்கமும் குட்டையான காடு, கண்ணுக்கு எட்டியவரை தட்டை. எங்கள் வயல்களில் எங்கே நின்று திரும்பினாலும் மேற்கே கல்வராயன் மலை தெரியும். இங்கே ஒரு மேடுகூட இல்லை. போய்ச் சேர்ந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. முற்றத்தில் குழி தோண்டி, தீக்கங்கின் மேல் கல் அடுக்கி, வாழையிலையில் சுற்றிய பெரிய அடையைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். மக்காச்சோள மாவு, உள்ளே கோழிக்கறியும் மிளகாயும். மேசையில் செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு. பெர்மினின் அண்ணனுக்கு ஒரு பாட்டில் சோடா, மாமனாருக்குச் சுருட்டு.

பெர்மினின் மனைவி நெல்லி என் முன்னால் ஒரு காலித் தட்டை வைத்தாள். "இது உன் அப்பாவுக்கு. அவருக்கு என்ன பிடிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தின்றிருக்கிறேன், தெரியவில்லை. எங்கள் வீட்டில் பிடிக்கும் பிடிக்காது என்ற பேச்சே கிடையாது. இருந்தால் தின்போம்.

"எல்லாம் தின்பார்" என்றேன்.

நெல்லி மகிழ்ந்துபோனாள். "அப்படியானால் 'புவேன் தியென்த்தே'" என்றாள். நல்ல பல் என்று அர்த்தம்.

"இல்லை, முன்பல் நான்கும் விழுந்துவிட்டது. பொக்கை" என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ருசித்து நிறையத் தின்கிறவரை இங்கே அப்படிச் சொல்வார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

உச்சிவெயிலில் குழியைத் திறந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு துண்டு வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். 'மன்னான்காத்தி' என்று பெர்மின் சொன்னான். பிறகு என்னிடம், "உன் மொழியில் நீயும் கூப்பிடு. இந்தப் பெயர் சொன்னால் அவருக்குப் புரியாது" என்றான். எங்கள் பக்கத்தில் அப்பாவை 'வா, போ' என்றுதான் கூப்பிடுவோம். நானும் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன். "அப்பா, வா" என்றேன். இரண்டாம் முறை சொன்னேன். மரத்தடியில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன.

ஒரு மணி நேரம் தட்டுகளை அப்படியே விட்டுவைத்தார்கள். அதன்பிறகு அவரவர் வீட்டுச் செத்தவர்களின் பங்கை அவரவர் எடுத்துத் தின்ன வேண்டும். ஆவி வந்து தின்றிருந்தால் சாப்பாட்டில் ருசி இருக்காதாம், சாரத்தை அது எடுத்துக்கொண்டிருக்குமாம். நெல்லி தன் அப்பாவின் துண்டைக் கடித்துப் பார்த்து, கண்ணீரோடு சிரித்து, "சப்பென்று இருக்கிறது, வந்துவிட்டுப் போயிருக்கிறார்" என்றாள். பெர்மினும் தலையாட்டினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்பாவின் தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டேன். உப்பு இருந்தது. மிளகாய் காரம் நாக்கைச் சுட்டது. கோழிக்கொழுப்பு மாவுக்குள் இறங்கி, வாழையிலை வாசனையோடு, நான் இந்த நாட்டில் தின்றதிலேயே ருசியான சாப்பாடு அதுதான்.

"ருசியே இல்லை" என்றேன்.

நெல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்திருக்கிறார் பார். அவ்வளவு தூரத்திலிருந்து!" என்று பெர்மின் தன் பிள்ளைகளிடம் மாயா மொழியில் சொன்னது எனக்கே புரிந்தது. அவர்கள் எல்லோரும் சந்தோஷமாகத் தங்கள் தட்டுகளை நோக்கித் திரும்பினார்கள். நான் அப்பாவின் பங்கைக் கடைசித் துணுக்குவரை, இலையில் ஒட்டியிருந்ததைக்கூட விரலால் வழித்துத் தின்று முடித்தேன்.