ஜமால்தீனின் மீன்தொட்டியும் புதன்கிழமை எண்ணெயும்

ஊருக்கே அண்ணனான ஜமால்தீன் காக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில். திருகோணமலைப் படகு ஜெட்டியில் மூதூர் போகும் லோஞ்சுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாமலா? அவருடைய தேத்தண்ணியும் ஏச்சும் சேர்ந்து வளர்த்த உடம்பு இது.

கிண்ணியாவில் பிறந்தவர். வெள்ளைக்கார நேவிக்குச் சமைத்தார். அவர்கள் போனதும் ஜெட்டி வாசலில் தேத்தண்ணிக் கடை போட்டார். போகும்போது ஒரு துரை கொடுத்த சின்னக் கண்ணாடித் தொட்டி கடை மேசையில் இருந்தது. அதில் மூன்று தங்கமீன். பெண்சாதி மவுத்தாகி மண்ணுக்குப் போய், பிள்ளையும் இல்லாத மனுஷனுக்கு அவைதான் குடும்பம். யாராவது கண்ணாடியைத் தட்டினால் தேத்தண்ணி கிடையாது, ஏச்சுத்தான்.

எழுபத்து மூன்றில், பாண் ரொட்டிக்கு விடியக்காலமையே வரிசை நின்ற பஞ்ச காலத்தில், தொட்டியில் எண்ணெய் மிதக்கத் தொடங்கியது. பால் ஆடை மாதிரி நீரை மூடிவிடும். மூச்சு முட்டி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காக்கா ஒரு பேப்பர் தாளை நீர்மேல் மெல்லப் பரப்பி, ஓரத்தில் பிடித்துத் தூக்குவார். எண்ணெய் தாளோடு வந்துவிடும். நாலு தாள் போனால் தண்ணீர் பளிச்சென்று இருக்கும். அடுத்த கிழமை திரும்பவும் அதே கூத்து. வடைச் சட்டிப் புகைதான் என்று அடுப்பைப் பின்னுக்கு மாற்றினார். பிறகு பழி எண்ணெய் வைத்து வாரிய என் தலையில் விழுந்தது.

"உன்ட தலை என்ன செக்கா, தம்பிராசா? அங்கால போய் இரு!"

மூலைக் கதிரைக்குத் துரத்தப்பட்ட அவமானத்தில் நானே காவல் இருந்தேன். ஒரு புதன்கிழமை கள்ளியைக் கையும் களவுமாகப் பிடித்தேன். மூதூர் ஸல்ஹா. புருஷனுக்கு மருந்தெடுக்கப் புதன்தோறும் ஆசுப்பத்திரிக்கு வருகிறவள். லோஞ்சுக்குக் காத்திருக்கும்போது காக்காவிடமே ஒரு ரொட்டி வாங்கிப் பாதியைத் தின்று, மீதியைப் பிய்த்துத் தொட்டிக்குள் போட்டாள். மாத் தட்டுப்பாட்டால் மரவள்ளி மா கலந்து சுட்ட ரொட்டி. எண்ணெயில் குளிப்பாட்டாவிட்டால் கல்லோடு ஒட்டிவிடும்.

"மனுஷருக்கே ரொட்டி இல்ல, மீனுக்கோ? கொழுப்புத்தானே!" என்று கத்தினேன். காக்கா பேப்பரும் கையுமாகப் பாய்ந்து வந்தார்.

"கோவிக்காதீங்க காக்கா," என்றாள் ஸல்ஹா. "அவருக்கு நெஞ்சு வருத்தம். ஒரு உசிருக்குத் தீன் போட்டா அவர்ட உசிர அல்லாஹ் காப்பாத்துவான் எண்டு நிய்யத்து வச்சிருக்கன். வேற தானம், சதகா குடுக்க என்னட்ட ஒண்டுமில்ல. இது என்ட பங்குல பாதி."

காக்கா பேப்பரைக் கக்கத்தில் செருகிக்கொண்டு தொட்டியைப் பார்த்தார். கடைசியில், "எண்ணெய் இல்லாம ஒண்டு சுட்டுத் தாறன், தங்கச்சி. அதப் போடுங்க," என்றார்.

"அது உங்கட சதகா ஆயிடுமே, காக்கா."

காக்கா என் பக்கம் திரும்பினார். "நீ என்ன ஆவெண்டு நிக்கிறாய்? உன்ட லோஞ்சு போகப்போகுது!" என்று என்மேல் விழுந்தார். அதன்பின் புதன்தோறும் லோஞ்சு போனதும் தாள் பரப்புவார். "இப்படி எண்ணெய் ஊத்தி ரொட்டி சுடுறவன் எவன்?" என்று திட்டுவார். சுடுகிறவர் அவரேதான்.

மாரி தொடங்கியபோது ஒரு புதன்கிழமை ஸல்ஹா வரவில்லை. அடுத்த புதனும் இல்லை. "தண்ணி நல்லாத்தானே கிடக்கு," என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். லோஞ்சுக்காரர் என்னிடம் விஷயத்தைச் சொன்னார்கள். புருஷன் மவுத்து. அவள் இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். ஊர்க்கதை எல்லாம் காவித் திரிகிற என் வாய்க்கு இதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. புருஷனுக்குச் சுகமாகிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பங்குனியில் ஒரு புதன்கிழமை காலையில் அவர் ஒரு ரொட்டியை வாழையிலையில் சுற்றித் தனியே வைத்தார்.

"ஆருக்கு?"

"ஸல்ஹாவுக்கு. வராத முதல் புதன்ல இருந்து எண்ணினா, முந்தாநாளோட நாலு மாசம் பத்து நாள் முடிஞ்சிருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு ஆர் சொன்னது?"

"உன்ட மூஞ்சி."

அவள் வந்தாள், மெலிந்துபோய். காசை வைத்து ரொட்டியை வாங்கிப் பாதியைத் தின்றாள். மீதியோடு தொட்டியருகே வந்தவள், கையை நீட்டியபடி நின்றுவிட்டாள்.

"இனி அவர்ட பேரால, காக்கா. போடலாமா?"

"போடுங்க, தங்கச்சி."

மூன்று மீனும் மேலே வந்தன. லோஞ்சு அவளை ஏற்றிக்கொண்டு போனது. எண்ணெய் மெல்லப் பரவித் தண்ணீரை மூடியது. நான் பழக்கத்தில் பேப்பரை எடுத்து நீட்டினேன். காக்கா அதை வாங்கி மடித்து மேசைக்குக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சிட பங்கு கொஞ்ச நேரம் கிடக்கட்டும், ராசா. மீன் ஒண்டும் சாகாது."

லோஞ்சு மூதூர் போய்த் திரும்பி வரும்வரை அவர் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை.